கடல் கடவாத படைக்காசு

புனே நகரில் வாழும் தமிழர்களுக்குப் படை என்பது புதிய சொல் அன்று. நமது தரைப்படையின் தென்மண்டலத் தலைமையகம் இந்நகரில் இருக்கிறது. கட்கியில் பம்பாய் சாப்பர்ஸ் படையினரின் இருப்பிடம். 'புனா கன்டோன்மென்ட்' என்று நம் முந்திய தலைமுறையினர் சொல்லிவந்த பகுதியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனியாக ஒரு கொடியும் சின்னமும் உண்டு என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கொடியையும் படையின் எண்ணையும் காசிலே பொறித்து, அக்காசையே வீரர்களுக்குச் சம்பளமாக அளித்தால் எப்படி இருக்கும்? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியத் தளபதி ஒருவன் அவ்வாறே செய்தான். அவன் அடித்த வெள்ளிக்காசுகள் ரோமானிய உலகின் மூலைமுடுக்குகளிலெல்லாம் கிடைத்திருக்கின்றன. ஆனால் ரோமானிய வெள்ளியை நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் நமக்கு வாரித் தந்த இந்திய மண்ணில் அவற்றைக் காண்பது அரிதினும் அரிது. கண்டெடுத்த பொருளைப் போலவே காணாமற்போன பொருளும் சில சமயங்களில் சரித்திரம் சொல்லும். இந்தக் காசு அத்தகையது.

தளபதியின் பெயர் மார்க் ஆண்டனி. கல்லூரியில் ஆங்கில நாடகம் படித்தவர்கள் அவனைக் கிளியோபாத்ராவின் காதலனாக அறிவார்கள். நாம் இங்கே அவனைச் சம்பளம் கொடுக்கவேண்டிய ஒருவனாகப் பார்க்கிறோம். கி.மு. 32ஆம் ஆண்டு. ரோமானிய ஆட்சி இரண்டாகப் பிளந்து, மேற்கே ஆக்டேவியனும் கிழக்கே ஆண்டனியும் எதிரெதிரே நின்றனர். அந்தப் பனிக்காலத்தை ஆண்டனி கிரேக்க நாட்டுப் பட்ராஸ் துறைமுகத்தில் கழித்தான். சீசர் காலம் முதல் ஒரு சாதாரணக் காலாளுக்கு ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். ஒரு லீஜியனில், அதாவது ரோமானியப் படைப்பிரிவு ஒன்றில், முழு எண்ணிக்கையில் ஏறத்தாழ 5,000 பேர் இருப்பர். அப்படியானால் ஒரு படைக்கு மட்டும் ஓராண்டுக்கு 11 லட்சத்து 25 ஆயிரம் வெள்ளிக்காசு வேண்டும். ஆண்டனியிடம் இருந்தவையோ இருபதுக்கு மேற்பட்ட படைகள்; அவை முழு எண்ணிக்கையில் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் தொகை சிறியதன்று. சம்பளம் பெறாத வீரன் எதிரிப் பக்கம் போய்விடுவான் என்பதை அவன் நன்கு அறிந்தவன். ஆகவே அவனது அக்கசாலைகள் ஓயாமல் வேலை செய்தன.

காசின் ஒரு முகத்தில் துடுப்புகள் வரிசையாக நீண்டிருக்கும் போர்க்கப்பல். அதைச் சுற்றி ஆண்டனியின் பெயரும் பதவிகளும்: நிமித்தம் பார்க்கும் அரச குரு, குடியரசைச் சீர்ப்படுத்தும் மூவரில் ஒருவன். மறு முகத்தில் நடுவே ஒரு கம்பத்தின் உச்சியில் கழுகு. அதன் இருபுறமும் இரண்டு படைக்கொடிகள். கழுகு என்பது படையின் உயிர். அதைப் பகைவரிடம் இழப்பதைக் காட்டிலும் பெரிய மானக்கேடு ரோமானிய வீரனுக்கு இல்லை. இச்சின்னங்களின் ஓரத்தில் படையின் எண். இரண்டாம் படை முதல் இருபத்து மூன்றாம் படை வரை, ஒவ்வொன்றின் பெயராலும் தனித்தனியே அச்சு வெட்டப்பட்டது. பன்னிரண்டாம் படை 'தொன்மைப் படை' என்றும், பதினேழாவது 'கடற்படை' என்றும், பதினெட்டாவது 'லிபியப் படை' என்றும் அடைமொழியோடு பொறிக்கப்பட்ட காசுகளும் உண்டு. தளபதியின் மெய்காப்பாளருக்கும் ஒற்றர் படைக்கும் தனிக் காசுகள் அடிக்கப்பட்டன. தன் படையின் எண் பொறித்த காசு கையில் விழும்போது வீரனுக்கு ஒரு பெருமிதம் பிறந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அந்தப் பெருமிதமும் சம்பளத்தின் ஒரு பகுதியே. காசு அடித்தவன் அதையும் கணக்கில் சேர்த்துத்தான் அடித்தான்.

ஏனெனில் வெள்ளியில் அவன் சற்றுக் கை வைத்திருந்தான். அக்காலத்து நல்ல தெனாரியஸ் ஏறக்குறையத் தூய வெள்ளி. எடை சுமார் 3.9 கிராம். நமது பழைய வெள்ளி ரூபாயின் எடையாகிய ஒரு தோலாவில் மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு எளிதில் விளங்கும். ஆண்டனியின் படைக்காசில் செம்பு கூடுதலாகக் கலந்திருந்தது. எடையும் பெரும்பாலும் குறைவு. ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிய பிளினி, ஆண்டனி வெள்ளிக்காசில் இரும்பைக் கலந்தான் என்றே குறை கூறுகிறார். கலந்தது இரும்பு அன்று, செம்பு. ஆயினும் மாற்றுக் குறைந்த காசு என்ற கெட்ட பெயர் நூறாண்டு கடந்தும் மக்கள் வாயில் நின்றது என்பது அதனால் தெரிகிறது.

கி.மு. 31ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஆக்டியம் கடற்போரில் ஆண்டனி தோற்று ஓடினான். கரையில் நின்ற அவன் படைகள் சில நாட்களில் ஆக்டேவியனிடம் சரணடைந்தன. சில படைகள் கலைக்கப்பட்டன. சில வென்றவனின் படையோடு சேர்ந்தன. ஆண்டனியின் பெயரைப் பொதுச் சின்னங்களிலிருந்து அழிக்கவேண்டும் என்று ரோமானியப் பேரவை ஆணையிட்டது. கல்லிலிருந்து பெயரைச் செதுக்கி எடுத்துவிடலாம். ஆயிரமாயிரம் சிப்பாய்களின் மடியில் இருக்கும் காசிலிருந்து எப்படி எடுப்பது? காசு புழங்கிக்கொண்டே இருந்தது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேயியில் அது கிடைத்தது. படைகளோடு பிரிட்டன் தீவுக்கும் சென்றது. கழுகும் கொடியும் தேய்ந்து வழவழப்பான வெறும் வில்லையாகிய பிறகும் கைமாறியது. கி.பி. 160களில், மார்க்கஸ் அரேலியஸும் லூசியஸ் வீரஸும் சேர்ந்து ஆண்ட காலத்தில், ஆறாம் படையின் பெயரால் ஆண்டனியின் காசை நினைவூட்டும் புதுக்காசு ஒன்றும் அடிக்கப்பட்டது. தோற்றவனுடைய காசுக்கு இருநூறாண்டு கழித்து இத்தகைய மரியாதை!

இவ்வளவு நீண்ட ஆயுளுக்குக் காரணம் காசின் சிறப்பு அன்று, அதன் குறைபாடு. ஒரே விலைக்குச் செல்லும் இரண்டு காசுகளில் ஒன்று நல்ல வெள்ளி, மற்றொன்று கலப்பு வெள்ளி என்றால் நாம் எதைச் செலவழிப்போம்? கலப்புக் காசைக் கடையில் கொடுத்துவிட்டு நல்லதைப் பெட்டியில் பூட்டுவோம். பொருளாதாரம் படித்தவர்கள் இதைக் கிரெஷம் விதி என்பர். படிக்காத பாட்டிமார்களுக்கும் இது தெரியும். பேரரசர் நீரோ கி.பி. 64 அளவில் தெனாரியஸின் எடையையும் மாற்றையும் குறைத்தபோது பழைய நல்ல காசுகள் மெல்ல மறைந்து உருக்கு உலைக்குப் போயின. ஆண்டனியின் காசை உருக்குவதில் இலாபம் இல்லை. அது தப்பிப் பிழைத்தது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். கொங்கு நாடு ரோமானிய வெள்ளியின் களஞ்சியம். கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஒரே குவியலாக 522 தெனாரியஸ்கள் வெளிப்பட்டன. அவ்வூரில் பின்னரும் பலமுறை காசுகள் கிடைத்தன. காத்தாங்கண்ணியில் 1913இல் 233 காசுகள். தெலங்காணத்து நல்கொண்டா பகுதியில் அக்கன்பள்ளி என்னும் ஊரில் கிடைத்த குவியலில் 1,531 காசுகள். இவற்றில் மிகப் பெரும்பான்மை இரண்டே வகை. ஒன்று அகஸ்டஸ் அடித்தது. அவன் பேரர்களான கையஸ், லூசியஸ் என்ற இரு இளவரசர்கள் கேடயமும் ஈட்டியும் கொண்டு நிற்பது. மற்றொன்று திபேரியஸ் அடித்தது. ஆசனத்தில் ஒரு பெண் அமர்ந்திருப்பது. அகஸ்டஸ் என்பவன் வேறு யாருமல்லன், ஆண்டனியை வென்ற ஆக்டேவியனே. அவன் காசு குவியல் குவியலாக வந்திருக்கிறது. அதே காலத்தில் ரோமானியச் சந்தைகளில் தாராளமாகப் புழங்கிய ஆண்டனியின் படைக்காசைத் தேடினால் கை வெறுமையாகத் திரும்புகிறது. ஒன்றிரண்டு எங்கேனும் தென்பட்டால் அது விதிவிலக்கு.

இதற்கு அறிஞர்கள் இருவகையாக விடை கூறுவர். ஒரு சாரார், ரோமானிய வணிகர்கள் தம் ஊரில் காசு மாற்றுவோரிடமிருந்து ஒரே வகைக் காசுகளைப் பொறுக்கிச் சேர்த்துப் பைகளில் கட்டி அனுப்பினர் என்பர். மற்றொரு சாரார், இங்கிருந்த வணிகர்கள் தேர்ந்து வாங்கினர், மாற்றுக் குறைந்ததைத் தள்ளினர் என்பர். நமக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றவில்லை. வாங்குபவன் கண்டிப்பானவன் என்று தெரிந்தால் விற்பவன் புறப்படும்போதே பொறுக்கி எடுத்துக்கொண்டு வருவான். ரோமானிய ஆட்சிக்குள் காசை எண்ணினார்கள். அதன்மேல் அரசின் ஆணை இருந்தது. கடல் தாண்டி வந்தபின் அவ்வாணைக்கு வலிமை இல்லை. இங்கே காசை நிறுத்தார்கள், உரைத்தார்கள், வெட்டியும் பார்த்தார்கள். எண்ணும் இடத்தில் கெட்ட காசு பிழைக்கும். நிறுக்கும் இடத்தில் பிழைக்காது. கழுகும் கொடியும் பதினெட்டாம் படையின் பெருமையும் முசிறித் துறையில் ஒரு குன்றிமணி எடைகூட ஏறவில்லை.

இலங்கையைப் பற்றிப் பிளினி தரும் ஒரு செய்தி இதற்குத் துணை செய்கிறது. அன்னியஸ் பிளோகாமஸ் என்ற ரோமானிய வரிக் குத்தகைதாரரின் ஆள் ஒருவன் காற்றில் அடிபட்டுத் தற்செயலாக அத்தீவில் கரையேறினான். அவனிடமிருந்த தெனாரியஸ்களைப் பார்த்த அந்நாட்டு அரசன், காசில் உள்ள முகங்கள் வேறு வேறாய் இருந்தும் எடை மட்டும் ஒன்றாய் இருக்கிறதே என்று வியந்து, ரோமானியரின் நேர்மையைப் பாராட்டினானாம். கதையில் சிறிது மெருகு இருக்கலாம். ஆனால் அரசன் முதலில் எதைக் கவனித்தான் என்பதைப் பாருங்கள்: முகத்தை அன்று, எடையை.

தமிழ்நாட்டில் இவ்வேலைக்கென்றே ஆட்கள் இருந்தனர். காசின் மாற்றை ஆராய்பவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர் வரிசையில் வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்ற பெயர்களைக் காண்கிறோம். 'வடம' என்பதற்கு வடக்கிலிருந்து வந்த குடியைச் சேர்ந்தவர் என்று பொருள் கொள்வர். வடக்கிலிருந்து தெற்கே பிழைக்க வந்த ஒரு குடும்பத்தார் காசு பார்க்கும் தொழிலும் செய்து, தமிழில் கவியும் பாடினர்! தெற்கிலிருந்து இங்கே வந்து அலுவலகக் கணக்கும் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ச் சங்கத்துக்கும் போகும் நம்மவர்களுக்கு இச்செய்தி பிடிக்கும் என்று எண்ணுகிறோம்.

எவ்வளவு வெள்ளியும் பொன்னும் வந்தன? ஆண்டுதோறும் இந்தியா 5 கோடி செஸ்டர்ஸ்களை இழுத்துக்கொள்கிறது என்று பிளினி வருந்துகிறார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ். எனவே அது 1 கோடியே 25 லட்சம் தெனாரியஸ். மேலே நாம் போட்ட கணக்கின்படி ஏறத்தாழ பதினொரு படைகளின் ஓராண்டுச் சம்பளம். பிளினியின் எண்ணை அப்படியே நம்பவேண்டியதில்லை. மிளகுக்கும் மெல்லிய துணிக்கும் பச்சைக்கல்லுக்கும் ஒரு பெரிய படையின் சம்பளம் போய்விடுகிறதே என்று ரோமாபுரியில் ஒருவர் அங்கலாய்த்தார் என்பதே நமக்குப் போதும்.

இங்கே புனேவாசிகள் ஒரு கேள்வி கேட்கலாம். யவன வாணிகம் இம்மராத்திய நாட்டிலும் தானே நடந்தது? லோணாவளாவுக்கு அருகே உள்ள கார்லேக் குகையில் யவனர்கள் தூண் அமைத்துக் கொடுத்ததாகக் கல்வெட்டுகள் இருக்கின்றன. புனே மாவட்டத்து ஜுன்னரில் இரிலன் என்ற யவனன் நீர்த்தொட்டிகளும், சிடன் என்ற யவனன் உணவு மண்டபமும் தானம் செய்திருக்கிறார்கள். கோலாப்பூரில் அகப்பட்ட கடல்தெய்வத்தின் வெண்கலச் சிலை மேற்கிலிருந்து வந்தது. புனே டெக்கான் கல்லூரியின் பேராசிரியர் சங்காலியா 1954 முதல் 1956 வரை நெவாசாவில் அகழ்ந்தபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் வெளிவந்தன. இவ்வளவும் இருக்க, கொங்கு நாட்டில் கிடைப்பதுபோல் தெனாரியஸ் குவியல்கள் இங்கே ஏன் கிடைப்பதில்லை? சோலாப்பூர்ப் பக்கம் பிற்காலத்துச் செவரஸ் அரசனின் பொற்காசுகள் கிடைத்ததுண்டு. வெள்ளி எங்கே?

விடை தேட ஜுன்னருக்கு மேற்கே உள்ள நானேகாட் கணவாய்க்குப் போகவேண்டும். கொங்கணக் கரையிலிருந்து மலையேறிப் பைத்தான் நகருக்குச் செல்லும் பழைய வணிக வழி அது. உச்சியில் ஒரு பெரிய கல்தொட்டி இருக்கிறது. சுங்கக் காசு போடும் உண்டியல் என்று ஊரார் சொல்கிறார்கள். பக்கத்துக் குகையில் சாதவாகன அரசி நாகனிகையின் கல்வெட்டு, வேள்விகளில் தானமாகக் கொடுத்த பசுக்களையும் கார்ஷாபணக் காசுகளையும் எண்களோடு குறிக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் இப்பகுதியைச் சாதவாகனரிடமிருந்து நஹபானன் என்ற சக மன்னன் பறித்தான். அக்காலத்துக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கடல்வழிக் கையேடாகிய பெரிப்ளூஸ், கல்யாண் துறைக்கு வரும் யவனக் கப்பல்களைக் காவலோடு பரோச் துறைக்குத் திருப்பிவிடுகிறார்கள் என்கிறது. மேலும் ஒரு செய்தி: பரோச்சில் ரோமானியப் பொன், வெள்ளிக் காசுகளை உள்நாட்டுக் காசுக்கு மாற்றினால் இலாபம் உண்டு என்று அது வணிகருக்கு வழி சொல்கிறது. உள்நாட்டுக் காசு என்று ஒன்று அங்கே வலுவாக இருந்தது என்பது இதனால் தெரிகிறது.

அந்தக் காசு 1906இல் நாசிக்கை அடுத்த ஜோகல்தெம்பியில் வெளிப்பட்டது. நஹபானனின் சிறு வெள்ளிக்காசுகள் 13,000க்கு மேல்! ஒரு பக்கம் மன்னன் தலை, அதைச் சுற்றிக் கிரேக்க எழுத்து. மறுபக்கம் அம்பும் இடியும், பிராமியிலும் கரோஷ்டியிலும் பெயர். இவ்வளவு வெள்ளி இவ்வட்டாரத்துச் சுரங்கங்களில் கிடைத்ததன்று. கடல்வழி வந்த தெனாரியஸ்களே உலையில் உருகி இக்காசுகளாயின என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். நமக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. கொங்கு நாட்டில் ரோமானியக் காசு பெரும்பாலும் உருமாறாமல் பானையில் தங்கியது. இங்கே அக்கசாலை வைத்திருந்த அரசன் அதை விழுங்கித் தன் முகத்தைப் பதித்தான். அவன் முகமும் நிலைக்கவில்லை. கௌதமீபுத்திர சாதகர்ணி நஹபானனை வென்று, அந்தக் குவியலில் உள்ள 9,000க்கும் மேற்பட்ட காசுகளின்மேல் தன் அச்சை மீண்டும் குத்தினான். மூக்கும் கன்னமும் இருந்த இடத்தில் சாதவாகனக் குன்றுச் சின்னம் ஏறியது.

கௌதமீபுத்திரனுக்குப் பின் வந்த சாதவாகனர் தாமும் தலை பொறித்த வெள்ளிக்காசு அடித்தார்கள். அவற்றின் ஒரு பக்கம் பிராகிருதம். மறுபக்கத்து மொழியில் 'மகன்' என்பதையும் 'திரு' என்பதையும் ஒத்த சொற்கள் வருகின்றன. அதைத் தமிழ் என்றே கொள்வோர் உண்டு; தமிழோடு உறவுடைய வேறொரு திராவிட மொழி என்போரும் உண்டு. வழக்குத் தீரவில்லை. எப்படியாயினும், தக்காணத்து மன்னன் ஒருவன் தன் குடிகளுக்காக நம் காதுக்குப் பழகிய சொல் ஒன்றை வெள்ளியில் பொறித்திருக்கிறான்.

தெற்கே சேரநாட்டிலும் இதைப்போன்றதொரு செயல் நிகழ்ந்தது. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த வெள்ளிக்காசு ஒன்றில் ரோமானியப் பாணியில் அமைந்த ஒரு தலை. அதற்கு மேலே, பேரரசன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், தமிழ்ப் பிராமி எழுத்தில் 'மாக்கோதை' என்ற பெயர். மறு முகத்தில் கழுகும் இல்லை, கொடியும் இல்லை. அச்சுக் குத்தாமல் அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறார்கள்.